பிரேக் பெடல் கீழே இறங்குகிறதா? மாஸ்டர் சிலிண்டரை மாற்றுமுன் படியுங்கள்

பெடல் வழக்கத்தைவிடக் கீழே போகிறது என்று சொன்னால் ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். ‘ஏர் பிடிச்சிருக்கு சார்’, இல்லையென்றால் ‘மாஸ்டர் சிலிண்டர் போயிடுச்சு’. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்று வரும் ஆல்ட்டோ, வேகன் ஆர் போன்ற சிறிய கார்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பின்சக்கரத்து டிரம்மைத்தான். அதைத் திறந்து பார்க்காமல் மாஸ்டர் சிலிண்டரை மாற்றினால் செலவுதான் மிச்சம். எதை எந்த வரிசையில் பார்ப்பது, எதை வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளலாம், எதில் கை வைக்கக் கூடாது என்பதற்கு இந்தக் குறிப்புகள்.

1. முதலில் காலடியைப் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மேட் போட்டிருந்தால் பெடலுக்கும் தரைக்கும் இடையே உள்ள இடம் குறைந்து, பெடல் இறங்கிவிட்டதுபோலத் தோன்றும். ஓட்டுநர் பக்கம் ஒரே மேட் போதும். அதுவும் கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும். தண்ணீர் பாட்டில், செருப்பு எதுவும் அந்தப் பக்கம் உருள விடாதீர்கள்.

2. பெடல் இறங்குகிறது என்பதைவிட, எப்படி இறங்குகிறது என்பதுதான் முக்கியம். சமதரையில் நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, காலால் மூன்று சோதனைகள் செய்யுங்கள். ஒருமுறை மிதியுங்கள், காலை எடுத்து உடனே மறுபடியும் மிதியுங்கள். முதல் மிதியில் ஆழமாகப் போன பெடல் இரண்டாவது மிதியில் மேலேயே கெட்டியாக நின்றால், பின் டிரம்மில் ஷூ தள்ளி நிற்கிறது என்று பொருள். முதல் மிதியில் போகும் ஆயில் முழுவதும் அந்த இடைவெளியை நிரப்பவே செலவாகிறது. ஸ்பிரிங் ஷூவைப் பழைய இடத்துக்கு இழுப்பதற்குள் இரண்டாவது மிதி வந்துவிடுவதால் பெடல் உயர்கிறது. மிதிக்க மிதிக்க உயர்ந்தாலும் பஞ்சுபோல அமுங்கிக்கொண்டே இருந்தால் லைனில் காற்று இருக்கிறது. மூன்றாவதாக, ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் மிதித்தபடி வைத்திருங்கள். பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கிப் போனால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்துவிட்டது. இந்த மூன்றில் எது என்று தெரியாமல் ஸ்பேனரை எடுக்க வேண்டாம்.

3. இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் பெடல் கொஞ்சம் இறங்குவது கோளாறு அல்ல. இன்ஜின் நின்றிருக்கும்போது நாலைந்து முறை மிதித்துவிட்டு, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் சிறிது கீழே போக வேண்டும்; பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பூஸ்டர் கெட்டால் பெடல் இறங்காது, கல்லாகிவிடும்.

4. பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். ‘மின்’, ‘மேக்ஸ்’ என்ற இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பத் தோன்றும்; கொஞ்சம் பொறுங்கள். முன் டிஸ்க்கில் பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும். அதன் பின்னால் உண்டாகும் இடத்தை நிரப்ப டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும். ஆகவே பல மாதங்களில் மெல்லக் குறைந்திருந்தால் பேட்டைப் பாருங்கள். பேட் தேய்ந்த நிலையில் மேக்ஸ் கோடுவரை நிரப்பிவிட்டால், புது பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளியதும் ஆயில் வழிந்து பெயின்டைத் தின்றுவிடும். ஒரே வாரத்தில் குறைந்திருந்தால் விஷயம் வேறு, அது கசிவு.

டிஸ்க் பேட் தேய்வதால் பெடல் அதிகம் இறங்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலிப்பரில் உள்ள ரப்பர் சீல் பிஸ்டனை ஒரு மயிரிழைதான் பின்னுக்கு இழுக்கும். தேய்மானத்துக்கு ஏற்பப் பிஸ்டன் தானே முன்னேறி நிற்கும். ‘பேட் மாத்தினா பெடல் ஏறிடும்’ என்று யாராவது சொன்னால் அவ்வளவாக நம்ப வேண்டாம்.

5. காசு செலவில்லாத ஒரு சோதனை: ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு பெடலை மிதியுங்கள். ஹேண்ட் பிரேக் போடாதபோது ஆழமாகப் போன பெடல் இப்போது கணிசமாக மேலே நின்றால், குற்றவாளி பின் டிரம்தான். ஹேண்ட் பிரேக் கேபிள் ஷூவை டிரம்மோடு ஒட்டித் தள்ளிவிடுவதால் இடைவெளி மறைந்துவிடுகிறது. மெக்கானிக்கின் கண் முன்னால் இதைச் செய்து காட்டுங்கள். பேச்சு உடனே சுருங்கும். பின்னாலும் டிஸ்க் இருக்கும் கார்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

6. டிரம்மைக் கழற்றுவது கொஞ்சம் கைப்பழக்கம் உள்ளவர் செய்யக்கூடிய வேலைதான். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதால் கட்டை இல்லாமல் தொடங்கவே கூடாது. ஜாக்கியில் தூக்கியபின் ஸ்டாண்டு கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி காருக்கு அடியில் கை நீட்டாதீர்கள். பல மாருதி கார்களின் டிரம்மில் இரண்டு மறையுள்ள துளைகள் இருக்கும். அவற்றில் 8 மி.மீ. போல்ட் இரண்டை மாற்றி மாற்றி முடுக்கினால் டிரம் தானாக வெளியே வரும். சுத்தியலால் அடித்துக் கழற்றினால் டிரம் விரிசல் விடும்.

உள்ளே பார்க்க வேண்டியவை இவை. லைனிங் 1 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டதா? தானியங்கி அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறதா? நம் ஊர் மழைத்தண்ணீரும் சேறும் அதற்கு எமன். பெரும்பாலான ‘லோ பெடல்’ இந்த ஒரு இரும்புத் துண்டு அசையாமல் போவதால்தான் வருகிறது. வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் சொட்டினால் சிலிண்டர் போய்விட்டது. ஆயில் பட்ட லைனிங்கை பெட்ரோலில் கழுவி மறுபடி போடுவது ஒர்க்‌ஷாப் வழக்கம். அது வேண்டாம். ஷூவை மாற்றுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து.

டிரம்முக்குள் இருக்கும் கருந்தூளை வாயால் ஊதவோ, ஏர் பைப்பால் அடிக்கவோ கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனர் அடித்து ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறிந்துவிடுங்கள்.

அட்ஜஸ்டரைச் சுத்தம் செய்து, சுழலும் இடத்தில் அதிக வெப்பம் தாங்கும் கிரீஸை மிகக் கொஞ்சமாகத் தடவி மாட்டி, டிரம்மையும் திரும்பப் போட்டபின், இன்ஜினை ஓடவிட்டு பெடலைப் பத்துப் பதினைந்து முறை அழுத்தி மிதியுங்கள். அட்ஜஸ்டர் தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பெடல் உயருவது காலிலேயே தெரியும். சக்கரத்தைக் கையால் சுற்றினால் எங்கோ லேசாக உரசலாம், பிடிக்கக் கூடாது.

7. இந்த வேலைக்குச் சோம்பல்பட்டு ஹேண்ட் பிரேக் கேபிளை மட்டும் இறுக்கி அனுப்பிவிடுவது உண்டு. ஹேண்ட் பிரேக் நன்றாகப் பிடிக்கும், பெடலும் சற்று உயரும், வாடிக்கையாளரும் மகிழ்ச்சியாகப் போவார். ஆனால் கேபிள் எப்போதும் ஷூவை இழுத்துப் பிடித்திருப்பதால் அட்ஜஸ்டர் வேலை செய்யாமல் போகிறது. ஷூ உரசிச் சூடாகிறது. முதலில் ஷூ இடைவெளி, கடைசியில் கேபிள். இந்த வரிசை மாறக் கூடாது. ஹேண்ட் பிரேக்கை இழுக்கும்போது எத்தனை ‘கிளிக்’ கேட்க வேண்டும் என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும். மாதாமாதம் எண்ணி வாருங்கள். எண்ணிக்கை கூடினால் பின் ஷூ தேய்கிறது.

8. கசிவைத் தேட ஒரு டார்ச்சும் பழைய செய்தித்தாளும் போதும். இரவில் நான்கு சக்கரத்துக்கும் கீழே தாள் விரித்து, காலையில் பாருங்கள். சக்கரத்தின் உட்பக்கம், டயரின் உள்சுவர், இரும்புக் குழாய் ரப்பர் ஹோஸோடு சேரும் இடம் எல்லாவற்றையும் விரலால் தடவிப் பாருங்கள். பிரேக் ஆயில் மெல்லியதாக, வழுவழுப்பாக இருக்கும். தண்ணீர் ஊற்றினால் கரைந்து போய்விடும். இன்ஜின் ஆயிலும் கிரீஸும் அப்படிக் கரையாது. எங்கும் ஈரமே இல்லை, டப்பாவில் மட்டும் ஆயில் குறைந்துகொண்டே போகிறது என்றால், மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கச் சீல் வழியாக பூஸ்டருக்குள் போய்க்கொண்டிருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரைத் தாங்கும் இரண்டு நட்டைத் தளர்த்திச் சற்று முன்னால் இழுத்தால் அந்த ஈரம் கண்ணில் படும்.

பிரேக் லைன்கள் இரண்டு தனித்தனிப் பாதைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒன்று அறுந்தாலும் மற்றது காரை நிறுத்தும். ஆனால் பெடல் பாதிக்கு மேல் இறங்கும், நிற்கும் தூரமும் கூடும். ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று பெடல் பாதி தூரம் விழுந்து, சிவப்பு விளக்கும் எரிந்தால் ஒரு பாதை போய்விட்டது. அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது.

9. மாஸ்டர் சிலிண்டரா, சக்கரப் பக்கமா என்ற சந்தேகத்தைத் தீர்க்க நல்ல மெக்கானிக்குகள் ஹோஸ் கிளாம்ப் வைத்திருப்பார்கள். எல்லா ரப்பர் ஹோஸ்களையும் கிளாம்ப் போட்டு அடைத்துவிட்டு பெடலை மிதித்தால், அது மேலேயே கல்லாக நிற்க வேண்டும். அப்போதும் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர்தான். மாற்றுவதில் தயக்கம் வேண்டாம். நின்றால், கிளாம்ப்பை ஒவ்வொன்றாக எடுத்து மிதித்துப் பாருங்கள். எந்தச் சக்கரத்தைத் திறந்ததும் பெடல் விழுகிறதோ அங்கே போய்த் தேடுங்கள். கட்டிங் பிளேயரால் ஹோஸை நசுக்குபவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். உட்சுவர் கிழிந்து புதுத் தலைவலி வரும். பழைய ஹோஸ் என்றால் ஒருவரை மிதிக்கச் சொல்லி நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். ஹோஸ் உப்பினால், அல்லது மேலே வெடிப்பு தெரிந்தால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டியதுதான்.

10. ஏர் எடுப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தில். நிப்பிளில் நிறமற்ற டியூப் ஒன்றை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க விடுங்கள். மூன்று நான்கு முறை மெதுவாக மிதித்துவிட்டு, மிதித்தபடியே வைத்திருக்க வேண்டும். அப்போது நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்தினால் குமிழியோடு ஆயில் வரும், பெடல் இறங்கும். நிப்பிளை மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். ‘மூடிட்டேன்’ என்ற குரல் கேட்காமல் காலை எடுத்தால் வெளிக்காற்றை நீங்களே உள்ளே இழுத்துவிடுவீர்கள். குமிழி நிற்கும்வரை திருப்பிச் செய்யுங்கள். நடுநடுவே டப்பாவை நிரப்ப மறந்து அது காலியானால் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பொதுவாக மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவில் உள்ள சக்கரம் முதலில் என்பார்கள்; நம் ஊர்க் கார்களில் அது இடப்பக்கப் பின்சக்கரம். ஆனால் லைன்கள் குறுக்காகப் பிரிக்கப்பட்ட கார்களில் வரிசை மாறலாம், கையேட்டில் சொன்னதைச் செய்யுங்கள். துருப்பிடித்த நிப்பிளை முதல் நாளே துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். ரிங் ஸ்பேனர்தான் போட வேண்டும். நிப்பிள் முறிந்தால் காலிப்பரோ சிலிண்டரோ போச்சு. வெளியே வந்த ஆயிலை மறுபடி டப்பாவில் ஊற்றாதீர்கள், புதிதாகத் தெரிந்தாலும்.

எத்தனை முறை எடுத்தாலும் பஞ்சுத்தன்மை போகவில்லையா? சமீபத்தில் காலிப்பரைக் கழற்றினார்களா என்று கேளுங்கள். இடமும் வலமும் மாறி மாட்டியிருந்தால் நிப்பிள் அடிப்பக்கம் போய்விடும்; காற்று மேலே தங்கிவிடும். நிப்பிள் எப்போதும் காலிப்பரின் மேல்பக்கம் இருக்க வேண்டும்.

11. பழைய காரில் ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதிக்க விடாதீர்கள். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் தினமும் போய்வரும் தூரத்துக்கு அப்பால் துருவும் கசடும் படிந்திருக்கும். தரைவரை மிதித்தால் ரப்பர் சீல் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். காலையில் ஏர் எடுத்து, மாலையில் ‘மாஸ்டர் சிலிண்டரும் போயிடுச்சு சார்’ என்று சொல்வது இதனால்தான்.

12. டப்பா மூடியில் என்ன ஆயில் என்று எழுதியிருக்கும்: டாட் 3 அல்லது டாட் 4. அதையே ஊற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு வந்துவிடும். டாட் 4-க்கு அது 230, ஈரம் ஏறினால் 155. கடலோர ஊர்க்காரர்கள் இதை அதிகம் கவனிக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. குறைவாக ஓடும் காருக்கும் அதே கணக்குதான். பாதி தீர்ந்து ஷெல்ஃபில் கிடக்கும் பாட்டிலை நம்பாதீர்கள். டாட் 5 என்பது சிலிகான் வகை, இவற்றோடு கலக்கவே கூடாது.

அவசரத்துக்கு இன்ஜின் ஆயில், ஸ்டீயரிங் ஆயில் எதையாவது ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் எல்லாம் ஊதிப் பெருத்துவிடும். பிறகு மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், காலிப்பர் சீல், ஹோஸ் என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பிரேக் ஆயில் பெயின்டில் சிந்தினால் துடைக்காதீர்கள். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

13. மலையிலிருந்து இறங்கும்போது மட்டும் பெடல் விழுந்தால் ஆயில் கொதித்துவிட்டது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்கும் 36 வளைவுகளிலோ காலை பிரேக்கிலேயே வைத்திருந்தால் இது நடக்கும். ஆயிலில் இருக்கும் ஈரம் ஆவியாகி லைனில் குமிழியாக நிற்கும். பெடல் தரையைத் தொடும். பேட் சூடாகிப் பிடிமானம் போவது வேறு. அதில் பெடல் கெட்டியாகவே இருக்கும், கார்தான் நிற்காது. இரண்டுக்கும் முதல் மருந்து ஓரங்கட்டி ஆறவிடுவது. சூடான டிரம்மிலும் டிஸ்க்கிலும் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிவிடும், விரிசலும் விடலாம். ஆறியதும் பெடல் திரும்பி வந்துவிடும். அதை நம்பி விட்டுவிடாமல் ஊருக்கு வந்ததும் ஆயிலை மாற்றுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குவது என்ற பழைய லாரி ஓட்டுநர்களின் கணக்கை மிஞ்சிய பிரேக் கிடையாது.

14. குண்டும் குழியுமான சாலையில் போன பிறகோ, வளைவில் திரும்பிய பிறகோ முதல் மிதி மட்டும் ஆழமாகப் போகிறதா? முன்சக்கர பேரிங்கைப் பாருங்கள். பேரிங் ஆடினால் டிஸ்க் சாய்ந்து பேட்டைப் பின்னுக்குத் தள்ளிவிடும். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

15. புது பேட் மாற்றியதும் காரை நகர்த்துமுன் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் முன்னே வரும்வரை முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. இதை மறந்து ஒர்க்‌ஷாப் சுவரில் மோதிய கார்கள் எத்தனையோ.

16. 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம். அதன் மாடுலேட்டருக்குள் காற்று புகுந்துவிட்டால் மேலே சொன்ன முறையில் முழுதாக வெளியேறாது. ஸ்கேனர் மாட்டி அதன் வால்வுகளை இயக்கித்தான் எடுக்க வேண்டும். சாதாரண ஷூ அட்ஜஸ்ட்மென்டுக்கு இது தேவையில்லை. டப்பா காலியாகிவிட்டாலோ, மாஸ்டர் சிலிண்டரை மாற்றினாலோ ஸ்கேனர் உள்ள இடத்துக்கே போங்கள்.

17. ஓடும்போதே பெடல் விழுந்தால்: வேகமாகத் திரும்பத் திரும்ப மிதியுங்கள், கொஞ்சம் அழுத்தம் கிடைக்கும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அமுக்கியபடி சிறிது சிறிதாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் வழுக்கும். ஹார்ன் அடித்து, விளக்கைப் போடுங்கள். சாவியை மட்டும் திருப்பிவிடாதீர்கள். இன்ஜின் நின்றால் பூஸ்டர் உதவி போகும். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளும்.

18. பெடல் நன்றாக இருக்கும் நாளிலேயே ஒரு ஸ்கேலை வைத்து, அழுத்தி மிதித்த நிலையில் பெடலுக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை அளந்து கையேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ‘முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சு’ என்ற பேச்சுக்கு அந்த எண்தான் பதில். வேலை முடிந்ததும் காலி இடத்தில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள். மாற்றிய பழைய உதிரியைக் கேட்டு வாங்குங்கள். ஆயில் பாட்டிலின் சீலை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். பெடல் இறங்கிய காரை ‘மெதுவா ஓட்டிக்கிட்டே ஒர்க்‌ஷாப் போயிடலாம்’ என்று வெளியே எடுக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வரமாட்டேன் என்றால் டோ வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.